தாய்மாமன் மடியில் பல் வைத்தியம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து சில நாள் கழிந்தால் எனக்கே புரிவதில்லை. சின்ன ‘ர’ எங்கே வரும், பெரிய ‘ற’ எங்கே வரும் என்பது நாலாம் வகுப்போடு நின்றவனுக்குச் சரியாகத் தெரியாது. தோன்றியதைப் போட்டிருக்கிறேன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்ல முடிந்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. நாலு பேர் கூடின இடத்தில் எனக்குப் பேச்சு வராது. என் மச்சானுக்கு, அதாவது என் வீட்டுக்காரியின் அண்ணனுக்கு, நன்றாக வரும். விசேஷ வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தால் என் மகளின் பல் கதையைத்தான் அவர் எடுக்கிறார். அவள் டாக்டரம்மாவின் விரலைக் கடித்ததில் தொடங்குவார். “பால் பல்லுக்கு மயக்க ஊசி போட்ட ஒரே அப்பன் எங்க மாப்ளதான்” என்று முடிப்பார். பந்தியே சிரிக்கும். நானும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பவன் போல இருப்பேன். வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாளைக்கு எனக்கு எரிச்சல் அடங்காது. அவர் சொல்லும் கதையில் நடுவில் ஒரு இடம் விட்டுப்போகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பாலக்காட்டு மாவட்டத்தில் பெருமாட்டிப் பக்கம். கொஞ்சம் தென்னை இருக்கிறது, மற்றவர்கள் தோப்பிலும் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், அதுவும் வெகு நாள் கழித்துப் பிறந்தவள்.

எங்கள் சனத்தில் பிள்ளைக்கு மொட்டை அடிப்பதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில்தான். அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் என் மச்சானின் மடி எங்கள் பக்கத்தில் பேர் வாங்கிய மடி. பிள்ளையை உட்கார வைத்து, தொடையால் காலை அமுக்கி, இடது கையால் அதன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, வலது கையால் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். ஆசாரி கம்பியை ஏற்றி முறுக்கி முடிக்கும்வரை பிள்ளை ஒரு நூல் அசையாது. அழுகை உச்சத்துக்குப் போகும்போது வாயில் வாழைப்பழம் இருக்கும். கை நடுங்குகிற தாய்மாமன்கள், “நீங்க கொஞ்சம் பக்கத்துல நில்லுங்க” என்று இவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். என் மகளுக்கும் அப்படித்தான் காது குத்தினோம். அந்தப் பிடியை நானும் மெச்சியவன்தான்.

அவளுக்கு ஐந்து வயது நடக்கும்போது கடைவாய்ப் பற்கள் கறுத்துக் குழி விழுந்துவிட்டன. ஒரு பக்கமாகவே மென்றாள். பிறகு அந்தப் பக்கமும் வலிக்க ஆரம்பித்து, ரசம் சோற்றை நசுக்கி விழுங்கினாள். சித்தூரில் ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறார், சின்ன வயது. மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். அங்கே கூட்டிக்கொண்டு போனோம்.

முதல் நாள் அந்த டாக்டரம்மா பல்லைத் தொடவே இல்லை. சின்னக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்து என் வாயைப் பார்க்கச் சொன்னார். என் வாயைப் பார்த்து அவள், “அப்பாவுக்குத்தான் டாக்டர் ரொம்பக் கறுப்பு” என்றாள். அதற்குப் பிறகு டாக்டரம்மா ஒன்று சொல்லிக் கொடுத்தார்.

“மோளுக்கு வலிச்சா, பயமா இருந்தா, இந்தக் கையை மேலே தூக்கணும். தூக்கினா நான் உடனே நிறுத்திடும். சத்தியம்.”

இரண்டு பேரும் அதைப் பழகிப் பார்த்தார்கள். டாக்டரம்மா அவள் நகத்தில் காற்று அடிப்பார், இவள் கையைத் தூக்குவாள், காற்று நின்றுவிடும். அவளுக்கு அது பெரிய அதிகாரமாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் என்னைப் பேசச் சொல்லி, நடுவில் கையைத் தூக்கி நிறுத்தி விளையாடினாள். பேசாதவனான நான் அவள் நிறுத்துவதற்காகவே அன்று ஊர் வரை பேசினேன்.

அடுத்த தடவை மெஷின் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே என் வீட்டுக்காரிக்கு மயக்கம் வரும். போகும் நாள் காலையில், “அண்ணனை வரச் சொல்லிட்டேனுங்க. அவரு இருந்தாத்தான் எனக்குத் தெம்பு” என்றாள். நாங்கள் போவதற்கு முன்பே மச்சான் வெள்ளைச் சட்டையும் கையில் நேந்திரம்பழமுமாக ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். உள்ளே போனதும் சாய்வு நாற்காலியில் அவர் ஏறி உட்கார்ந்து அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“குட்டி தனியா இருக்கும். மாமன் வெளியில இருந்தா போதும்” என்றார் டாக்டரம்மா.

“ஏனுங்க டாக்டரம்மா, இவ காதைக் குத்துனதே என்ற மடியிலதானுங்க. நா புடிச்சா அசையமாட்டா. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க.”

சில குழந்தைகள் சொந்தக்காரர் மடியில் தைரியமாக இருக்கும் என்று நினைத்திருப்பார் போல, டாக்டரம்மாவும் சரி என்றுவிட்டார். அவளும் சிரித்துக்கொண்டுதான் மாமன் மடியில் சாய்ந்தாள். வாயை அவளே திறந்தாள். இதை மச்சான் எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை. அவளே திறந்தாள்.

மெஷின் ஓடியது. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டாள். பிறகு கையைத் தூக்கினாள். திமிறவில்லை, உதறவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்விக்குத் தூக்குவது போல, பழகின மாதிரியே நேராகத் தூக்கினாள். டாக்டரம்மாவின் கண் பல்லின் மேல் இருந்தது. மச்சானின் கண் மட்டும்தான் அந்தக் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவருக்கு எழும்புகிற கை என்றால் ஒன்றுதான் தெரியும். சட்டென்று பிடித்துக் கீழே அமுக்கினார். கூடவே மற்றக் கையையும் சேர்த்துப் பிடித்து, தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். “மச்சான், கையை வுடுங்க. அவ நிறுத்தச் சொல்றா” என்றேன். என் குரல் மெஷின் சத்தத்தைத் தாண்டவில்லை. கிட்டப் போய் மறுபடி சொன்னேன். அதற்குள் அவள் கடித்துவிட்டாள். டாக்டரம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தார். கையுறையைக் கழற்றினால் விரலில் பல் பதிந்திருந்தது.

“பாத்தீங்களா, புடிச்சிருக்கறப்பவே இந்த லொள்ளு. வுட்டிருந்தா என்னாயிருக்கும்!” என்றார் மச்சான்.

நான் டாக்டரம்மாவிடம் அவள் கை தூக்கியதைச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. விரலைத் துடைக்கக்கூட இல்லை, குனிந்து அவளிடம், “நான் பார்க்கலை மோளே. தப்பு என்னோடது” என்றார். அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். வாய் அன்றைக்கு மூடியதுதான்.

அதற்குப் பிறகு பல் தேய்க்கக்கூட விடவில்லை. பிரஷ்ஷை எடுத்தால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். மாமன் பைக் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். “என்னைப் பாத்து எதுக்குடி கண்ணு ஓடறே, நா என்ன பண்ணுனேன்?” என்று குனிந்து கேட்பார். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வேண்டுமென்றே செய்தவர் என்றால் ஒரு நாள் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

கன்னம் வீங்கியது. மருந்து கொடுத்து வற்றியது, மறுபடி வீங்கியது. சித்தூர் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். இத்தனை பல்லையும் விழித்திருக்கும் குழந்தைக்கு இனிச் செய்ய முடியாது. பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம், தானும் அங்கே வந்து செய்வதாகச் சொன்னார். சும்மா விட்டால் சீழ் உள்ளே போய் அடியில் இருக்கிற புதுப் பல்லையும் கெடுக்கும் என்றார்.

இதைச் சொன்ன நாளிலிருந்து ஊரில் எல்லாரும் டாக்டர். பால் பல் தானே, விழுந்துவிடும் என்றார் ஒருவர். கிராம்பை வைத்துக் கட்டு என்றார் இன்னொருவர். மயக்கம் கொடுத்தால் புத்தி மந்தமாகும், படிப்பு ஏறாது என்று ஒரு அம்மா என் வீட்டுக்காரியின் காதில் போட்டுவிட்டுப் போனாள். சோறு உண்ணாத தங்கள் பிள்ளைகளிடம், “அந்தப் புள்ளையாட்டம் உன்னையும் கொண்டுபோய் மயக்க ஊசி போட்ருவாங்க” என்று பயம் காட்டினார்கள். என் மகள் காதில் விழும்படியே சொன்னார்கள். எத்தனை பேரிடம் நான் போய் வாயை மூடச் சொல்வது?

மச்சான் வீட்டுக்கே வந்தார். “மாப்ள, ஊரு சிரிக்கும். ரெண்டு பேரு கூட வரட்டும், கை கால் புடிச்சுக்கலாம். அஞ்சு நிமிசத்து வேலை.”

“அந்தப் பேச்சே வேண்டாங்க மச்சான்” என்று மட்டும் சொன்னேன்.

நாள் குறித்தார்கள். போன இடத்தில் அவளுக்குச் சளி இருக்கிறது, நெஞ்சு தெளிந்தால்தான் மயக்கம் கொடுக்கலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். வெறும் வயிறாக வரச் சொல்லியிருந்ததால் பசியோடு கூட்டிப் போய்ப் பசியோடு கூட்டி வந்தோம். “தெய்வமே வேண்டாங்குது” என்றார் மச்சான். சளி போனதும் கன்னம் வீங்கியது. வீக்கம் வடிந்ததும் ஆஸ்பத்திரியில் நாள் இல்லை. அந்த மாதங்களில் அவள் மெலிந்தது, முதுகு எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது, இதெல்லாம் யார் கதையிலும் வராது.

கடைசியில் ஒரு நாள் அமைந்தது. அன்று காலையில் அவள் பூப்போட்ட கவுனைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். முந்தின நாள் மாமன் போனில் பேசி, மலம்புழா அணைத் தோட்டத்துக்குப் போகிறீர்கள், படகில் ஏறலாம் என்று சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரியும் அதையே பிடித்துக்கொண்டாள். “அப்படியே கூட்டிட்டுப் போயிரலாங்க. அங்க போனதும் தூங்க வெச்சுருவாங்க, தெரியவா போகுது?”

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் அவளிடம் சொல்லிவிட்டேன். மலம்புழாவுக்கு இல்லை, பல் ஆஸ்பத்திரிக்கு என்றேன். என் வீட்டுக்காரி என் தொடையில் கிள்ளினாள். பிள்ளை அழவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தூர் தாண்டியபின் கேட்டாள்.

“கை தூக்குனா நிறுத்துவாங்களாப்பா?”

“நீ தூங்கிருவே கண்ணு. தூங்கறப்ப வலிக்காது.”

“தூங்கறதுக்கு முன்னால தூக்குனா?”

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தியேட்டருக்குள் அவள் தூங்கும்வரை ஒருவர் கூட இருக்கலாம் என்றார்கள். என் வீட்டுக்காரி, “என்னால ஆவாதுங்க” என்று உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பச்சை அங்கியும் தொப்பியும் போட்டுவிட்டார்கள். முதலில் நர்ஸிடம் கேட்டேன். “குழந்தை கை தூக்குனா செத்த நிறுத்தோணுங்க சிஸ்டர்.” அவர், “உறங்கிடும் சேட்டா, அப்புறம் எதுக்குக் கை?” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். சித்தூர் டாக்டரம்மா வேறு அறையில் கை கழுவிக்கொண்டிருந்தார். மயக்கம் கொடுக்கும் டாக்டர் வயதானவர். அவரிடம் முழுக்கதையையும் சொல்லப் போய்ப் பாதியில் நிறுத்தினேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. “சரி, பார்ப்போம்” என்றார்.

மூக்கில் வைக்கிற மூடியைக் கொண்டுவந்தார். அவள் கையைத் தூக்கினாள். டாக்டர் மூடியை எடுத்துவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். கை இறங்கியது. மறுபடி வைத்தார், மறுபடி தூக்கினாள், மறுபடி எடுத்தார். அந்த நிமிடம் அந்த மனிதரின் காலைத் தொட்டிருப்பேன். அடுத்த முறை வைத்துக் காற்று உள்ளே போய் அவள் கண் சொருகும்போது கை மேலே வந்தது. அவர் எடுக்கவில்லை.

“கை தூக்கறாளுங்க டாக்டர்” என்றேன்.

“இப்ப எடுத்தா முதல்லேர்ந்து தொடங்கணும். அது அவளுக்குத்தான் கஷ்டம்” என்றார், மூடியைப் பிடித்தபடியே.

கை தானாக விழுந்தது. என்னை வெளியே போகச் சொன்னார்கள். பாதி மயக்கத்தில் எடுத்தால் இன்னும் பயந்து திமிறுவார்கள், அவர் செய்தது சரிதான் என்று டாக்டரம்மா பின்னால் எனக்கு விளக்கினார். புரிந்தது. புரிந்துவிட்டதால் கோபம் போய்விடவில்லை. சரியானதைச் செய்கிறவர்களும் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

இரண்டு பல் எடுத்தார்கள். மற்றதை அடைத்து, கடைவாய்ப் பற்களுக்கு வெள்ளி நிறத்தில் தொப்பி மாட்டினார்கள். எழுந்தபோது அவள் அவளாக இல்லை. யாரென்று தெரியாமல் எங்களை அடித்தாள், கத்தினாள், கையில் இருந்த ஊசியைப் பிடுங்கப் போனாள். மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் இப்படித்தான், அடங்கிவிடும் என்றார் நர்ஸ். அந்த நேரம் பார்த்து மச்சான் ஆப்பிள் பையோடு உள்ளே வந்தார். வாசலிலேயே நின்று, “இதுக்கு என்ற மடியே தேவலை மாப்ள” என்றார்.

பத்து நாளில் அவள் முறுக்குத் தின்றாள். இரண்டு பக்கமும் கடிக்கிற சத்தத்தை என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தாள். எல்லாரும் பல் சங்கதி முடிந்தது என்று நினைத்தார்கள். நானும்தான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்துக் காட்டுவதற்குக் கூட்டிப் போனால், சித்தூர் ஆஸ்பத்திரி வாசற்படியில் ஏற மாட்டேன் என்று இரும்புக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா வெளியே வந்து படியில் எங்களோடு உட்கார்ந்தார்.

“தூங்கவைச்சுப் பல்லைச் சரியாக்கிட்டோம். பயத்தைத் தூங்கவைச்சு எடுக்க முடியாது” என்றார். இனிப் புதுப் பல் ஒவ்வொன்றாக முளைக்கும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் மயக்கம் கொடுக்க முடியாது, அவளாக வாயைத் திறக்கும் நாள் வந்தே ஆக வேண்டும் என்றார். “அவசரப்பட வேண்டாம். சும்மா கூட்டிட்டு வாங்க.”

சும்மா கூட்டிக்கொண்டு போவது என்றால் ஒரு நாள் தோப்பு வேலை போகும். போனோம். ஒரு நாள் படி வரை. ஒரு நாள் உள்ளே பெஞ்சு வரை. திரும்பி வந்தால், “இன்னைக்காச்சும் பாத்தாங்களா?” என்று எதிர்ப்படுகிறவர்கள் கேட்பார்கள்.

போன மாதம் மச்சான் வந்தார். பைக் சத்தத்துக்கே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். “அடுத்த தடவை நா வாறேன். ஒரே புடி. பயமெல்லாம் ஒரு நாள்ல தெளிஞ்சுரும்.”

“வேண்டாங்க மச்சான்.”

“என்ன வேண்டாம்?”

“நீங்க வர வேண்டாங்க. இனி அவளை ஆரும் புடிக்க வேண்டாம். அன்னைக்கு அவ கை தூக்குனா. நிறுத்தச் சொல்லித்தான் தூக்குனா. நீங்க அமுக்கிட்டீங்க.”

என் வாழ்நாளில் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவர் என்னையே பார்த்தார்.

“அஞ்சு வயசுப் புள்ள கை தூக்குனா உலகம் நின்னுருமா மாப்ள?”

இதற்குப் பதில் தெரிந்திருந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

“தாய்மாமன் புடிக்க வேண்டாம், சீரு செய்ய மட்டும் வேணுமாக்கும்” என்று தங்கச்சியைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தார். ஊற்றி வைத்த காப்பியைக் குடிக்கவில்லை. என் வீட்டுக்காரி அன்று முழுக்க அழுதாள். “எங்கண்ணன் மனசு நோவப் பேசிப்போட்டீங்களே, நாளைக்கு இவ பெரியவளானா ஆரு வந்து நிப்பாங்க?” என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. மச்சான் இப்போது தங்கச்சிக்குப் போன் செய்கிறார், வீட்டுக்கு வருவதில்லை. பந்தியில் கதையின் முடிவு மாறியிருப்பதாகக் கேள்வி. இப்போது நான் மாமனை ஆகாதென்று விரட்டிய மாப்பிள்ளை.

நேற்று நானும் மகளும் மட்டும் சித்தூர் போனோம். அவள் பெஞ்சில் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு யாரும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். டாக்டரம்மா எதையும் கையில் எடுக்காமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் புதுச் செருப்பைப் பற்றிக் கேட்டார். இவள் தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த ஆள் வந்து காத்திருந்தார். போதும், இன்றைக்கு இது போதும் என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி கேட்டாள்.

“வாயைத் தொறந்தாளா?”

“இல்ல.”

“அப்புறம் இந்நேரம் வரைக்கும் அங்க என்ன பண்ணுனீங்க?”

“உக்காந்துட்டு வந்தோம்.”

அவள் அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் வைக்கிற சத்தம் பலமாகக் கேட்டது.

ஆவணி பன்னிரண்டு, வியாழக்கிழமை.